32 நொடியில் அறுந்த அழைப்புகள்: ஒரு போர்ட் விவகாரத்தின் நிகழ்வு ஆய்வு

அலுவலகத்தின் இணைய வாசலில் காவல் நிற்கும் புதிய ஃபயர்வால் மாட்டிய மறுநாள் காலை பத்து மணிக்குள் மூன்று புகார்கள் வந்துவிட்டன. ஒன்று: வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுத்தால் அரை நிமிடம் பேச்சு தெளிவாகப் போகிறது, பிறகு பட்டென்று அறுந்துவிடுகிறது. இரண்டு: வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு மணி அடிக்கிறது, எடுத்தால் இரு பக்கமும் மௌனம். மூன்று: வீட்டிலிருந்து வேலை செய்பவர்களில் ஒரே ஒருவருக்குக் குரல் நன்றாகக் கேட்கிறது, ஆனால் மணிதான் அடிப்பதில்லை. அவராக யாரையாவது கூப்பிட்டுவிட்டால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவருக்கும் மணி அடிக்கிறது, மறுபடி அடங்கிவிடுகிறது.

மேலாளர் சொன்னது நான்காவது. அவர் அதைப் புகாராகச் சொல்லவில்லை, கேள்வியாகத்தான் கேட்டார். "ஏம்ப்பா, கைபேசியில இருக்கிற செயலியில பேசினா இதே இணைப்புல ஜம்முனு கேக்குது. நாம காசு கொடுத்து வாங்கின போன் மட்டும் ஏன் இப்படி?" அந்த நேரத்தில் எரிச்சலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் நால்வரில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

அமைப்பு சிக்கலானது அல்ல. அலுவலகத்துக்குள் ஒரு சர்வர். அதில் திறந்த மூல பிபிஎக்ஸ், அதாவது அலுவலக அழைப்புகளை இணைத்துவிடும் மென்பொருள். சர்வரின் உள் முகவரி 192.168.10.5. மேசைகளில் முப்பது ஐபி போன்கள். வெளியுலக அழைப்புகள் இணையம் வழியாக ஒரு குரல் சேவை நிறுவனத்துக்குப் போய் அங்கிருந்து பொதுத் தொலைபேசி வலைக்குள் நுழையும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் கணினிகளில் சாஃப்ட்போன், அதாவது தொலைபேசியாக வேலை செய்யும் மென்பொருள். அது ஃபயர்வாலோடு சேர்ந்து அந்த வாரம்தான் புதிதாக வந்தது. மணி அடிக்காத அந்த ஒருவரிடம் மட்டும் பழைய மேசை போன். அலுவலகத்தின் பொது முகவரியை இங்கே 203.0.113.20 என்று வைத்துக்கொள்வோம்; இப்படி எழுதிக் காட்டுவதற்கென்றே ஒதுக்கிய முகவரி அது.

பழைய ரூட்டர் ஆறு ஆண்டுகள் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. அதைக் கழற்றும்போது அதன் விதிகளை ஒன்று விடாமல் புதிய ஃபயர்வாலில் எழுதியிருந்தேன். போர்ட் என்பது ஒரு முகவரியில் இருக்கும் எண்ணிட்ட வாசல். 5060 திறந்திருக்கிறது, 5061 திறந்திருக்கிறது. "போர்ட் எல்லாம் திறந்துதான் சார் இருக்கு" என்று அன்று காலை மட்டும் ஐந்தாறு முறை சொல்லியிருப்பேன். உண்மைதான். உண்மையாக இருந்தும் பயன் இல்லை.

உறையும் கடிதமும்

இணையத் தொலைபேசியில் ஒரு அழைப்புக்கு இரண்டு வேறு வழிகள் உண்டு. "நான் அழைக்கிறேன், எடுக்கிறாயா?" என்ற பேரம் ஒரு வழியில் நடக்கிறது. குரல் வேறு வழியில் போகிறது. பேரத்துக்கான நெறிமுறை எஸ்ஐபி. 2002ல் வந்த ஆர்எஃப்சி 3261 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அதன் இலக்கணம். அதற்கு 5060 என்ற போர்ட், டிஎல்எஸ் குறியாக்கத்தோடு போனால் 5061. குரல் ஆர்டிபி என்ற நெறிமுறையில் பாக்கெட்டுகளாக, அதாவது சிறு சிறு தரவுப் பொட்டலங்களாகப் போகிறது. அதற்கென்று நிரந்தரமான போர்ட் கிடையாது. ஒவ்வோர் அழைப்புக்கும் சர்வர் தன் கையிருப்பிலிருந்து ஒரு இரட்டைப்படை எண்ணை எடுக்கும். அடுத்த ஒற்றைப்படை எண், ஆர்டிசிபி என்ற தரக் கணக்கு ஓடுவதற்கு.

எந்த எண்ணை எடுத்தேன் என்று எதிர்முனைக்கு எப்படிச் சொல்வது? எஸ்ஐபி செய்தியின் வயிற்றுக்குள் எஸ்டிபி என்ற சிறு குறிப்பு இருக்கும். அதில் 'சி' என்று தொடங்கும் வரியில் ஐபி முகவரி, 'எம்' என்று தொடங்கும் வரியில் போர்ட் எண். "எனக்கான குரலை இந்த முகவரியில் இந்த எண்ணுக்கு அனுப்பு" என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. இது தவிர எஸ்ஐபி செய்தியின் தலைப்பிலேயே காண்டாக்ட் என்றொரு வரி உண்டு. குரலுக்கு அல்ல, இனி வரும் எஸ்ஐபி செய்திகளுக்கு: "இனிமேல் என்னிடம் பேச வேண்டியதை இந்த முகவரிக்கு அனுப்பு."

இங்கேதான் நேட் என்ற முகவரி மாற்றம் குறுக்கே வருகிறது. உள்ளே இருக்கும் 192.168 முகவரி இணையத்தில் செல்லாக்காசு. பாக்கெட் வெளியே போகும்போது ரூட்டர் அதன் உறையில் இருக்கும் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் பொது முகவரியை எழுதுகிறது. போர்ட் எண்ணையும் தேவைப்பட்டால் மாற்றுகிறது. உறையைத்தான் மாற்றுகிறது, உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிப்பதில்லை. வலைப்பக்கத்துக்கு இது போதும், ஏனென்றால் பதில் உறையைப் பார்த்துத்தான் திரும்பி வரும். தொலைபேசி மென்பொருளோ முகவரியைக் கடிதத்துக்குள் எழுதுகிறது. எதிர்முனை கடிதத்தைப் படித்து 192.168.10.5க்கு அனுப்பப் பார்க்கிறது. அப்படி ஒரு இடம் அதன் உலகத்தில் இல்லை.

ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இந்த வகைப் பழுது கண்ணில் படாது. கடிதத்தில் எந்த எண் எழுதப்பட்டது, வழியில் அதை யார் திருத்தினார்கள் என்று கேட்க வேண்டும். எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் முதல் நாள் முழுக்க ஃபயர்வால் விதிகளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

32 என்ற எண்

அறுந்த அழைப்புகளின் நேரத்தைப் பதிவேட்டில் எடுத்துப் பார்த்தேன். 32 நொடி, 32 நொடி, 32 நொடி. யாரோ கடிகாரம் வைத்துக்கொண்டு வெட்டியது போல. இணைப்பு மோசமாக இருந்து அறுந்தால் ஒன்று 11 நொடியில் அறும், இன்னொன்று 4 நிமிடத்தில் அறும். ஒரே எண்ணில் அறுந்தால் அது பழுது அல்ல, யாரோ எடுத்த முடிவு. (15 நிமிடத்தில் சரியாக அறும் அழைப்புகளும் உண்டு. அது எஸ்ஐபியின் அமர்வு நேரக் கணக்கு: 1800 நொடி என்று ஒப்பந்தம், அதில் பாதியில் புதுப்பிக்கும் செய்தி போக வேண்டும், போகாவிட்டால் வெட்டு. அது இங்கே இல்லை.)

32 எங்கிருந்து வருகிறது? எஸ்ஐபியில் டி1 என்றொரு அடிப்படை நேர அளவு, 500 மில்லிநொடி. அழைப்பை எடுத்தவுடன் சர்வர் "200 ஓகே" என்று அனுப்பும். அழைத்தவர் தரப்பு அதற்கு "ஆக்" என்று ஒப்புதல் தர வேண்டும். வராவிட்டால் சர்வர் 200 ஓகேயை மறுபடி அனுப்பும்: அரை நொடி கழித்து, பிறகு ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி, அதன் பிறகு நான்கு நான்கு நொடியாக. டி1ஐப் போல 64 மடங்கு நேரம், அதாவது 32 நொடி, காத்திருந்துவிட்டு "இவன் ஒப்புக்கொள்ளவே இல்லை" என்று 'பை' என்ற விடைபெறும் செய்தியை அனுப்பி அழைப்பை முடித்துவிடும்.

ஃபயர்வாலின் வெளிப்பக்கத்தில் பாக்கெட்டுகளைப் பிடித்து, அவற்றைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் திறந்தபோது அச்சு அசலாக அதுதான் இருந்தது. அழைப்பைத் தொடங்கும் இன்வைட் செய்தி ஒன்று உள்ளே வருகிறது. 200 ஓகே வெளியே போகிறது, மொத்தம் 11 முறை. ஆக் ஒன்றுகூட வரவில்லை. நடுவில் குரல் பாக்கெட்டுகள் இரு திசையிலும் நொடிக்கு 50 என்ற கணக்கில் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. குரலுக்கு ஒரு குறையும் இல்லை, பேரம்தான் முடியவில்லை.

அந்த 200 ஓகேயைத் திறந்து உள்ளே பார்த்தேன். எஸ்டிபியின் 'சி' வரியில் 203.0.113.20 என்று பொது முகவரி. காண்டாக்ட் வரியில் 192.168.10.5 என்று உள் முகவரி. ஒரே கடிதத்தில் இரண்டு முகவரிகள், ஒன்று சரி, ஒன்று தப்பு.

சர்வரின் உட்பக்கத்தில் பிடித்த பிரதியில் இரண்டு வரியிலும் 192.168.10.5தான். ஆக, வழியில் யாரோ கடிதத்தைப் பிரித்து, குரல் முகவரியை மட்டும் திருத்தி, ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். யார் என்று தேட வேண்டியதில்லை. ஃபயர்வால்களிலும் ரூட்டர்களிலும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்றொரு வசதி இருக்கும். நேட் கடிதத்தைப் படிக்காது என்றேனே, அந்தக் குறையைத் தீர்க்க வந்த உதவியாள் அது. கடிதத்தைப் படித்து உள் முகவரிகளை எல்லாம் பொது முகவரியாக மாற்ற வேண்டும், எஸ்டிபியில் எழுதிய குரல் போர்ட்டைப் பார்த்து அதற்கு மட்டும் தற்காலிகமாகக் கதவைத் திறந்துவிட வேண்டும். நல்ல யோசனை. ஆனால் எஸ்ஐபி செய்தியில் முகவரி எழுதும் இடங்கள் பல. இந்தப் பெட்டி அதில் பாதிக் கிணறுதான் தாண்டியது. குரல் போனதற்கு அது தாண்டிய பாதி காரணம், 32 நொடியில் அறுந்ததற்குத் தாண்டாத பாதி காரணம்.

இதே காரணத்தால் இன்னொரு கோளாறும் நடந்துகொண்டிருந்தது, யாரும் புகார் சொல்லவில்லை. நாம் வெளியே அழைக்கும்போது ஆக் அனுப்புவது நம் சர்வர், ஆகவே 32 நொடி வெட்டு இல்லை. ஆனால் பேசி முடித்து எதிர்முனைக்காரர் முதலில் வைத்துவிட்டால், அவர் தரப்பின் பை செய்தி காண்டாக்ட் முகவரியைத் தேடிப் போய்த் தொலைந்துவிடும். நம் போன் பேச்சு முடிந்தது தெரியாமல் மௌனமாகக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கும். கேட்டபோது ஒருவர் சொன்னார்: "ஆமா, ரெண்டு நாளா அவங்க வெச்ச பிறகு 'டொய்ங்'னு சத்தமே வர்றதில்ல. நான் அது புது வசதின்னு நெனச்சேன்."

வீட்டுக்காரர்களின் மௌனமும் இங்கேயே விளங்கிவிடுகிறது. சாஃப்ட்போன்கள் 5061ல் டிஎல்எஸ் வழியாக வருகின்றன. கடிதம் பூட்டிய பெட்டிக்குள் போகிறது, ஏஎல்ஜியால் படிக்கவே முடியாது. எஸ்டிபியில் 192.168.10.5 அப்படியே போய்ச் சேர்கிறது. வீட்டுக் கணினி தன் குரலை அந்த முகவரிக்கு அனுப்புகிறது. வீட்டு ரூட்டரும் அதே முகவரி வரிசையைப் பயன்படுத்தினால் அந்தக் குரல் வீட்டிலேயே இருக்கும் ஏதோ ஒரு கருவியின் வாசலில் போய் விழும். இன்னொரு பக்கம், நம் சர்வர் அனுப்பும் குரலை வீட்டு ரூட்டர் உள்ளே விடுவதில்லை. உள்ளிருந்து அந்த முகவரிக்கு எதுவும் போனதாக அதன் கணக்கில் இல்லை, யாரோ தெரியாதவர் கதவைத் தட்டுகிறார் என்று தள்ளிவிடுகிறது. இரு பக்கமும் மௌனம். பழைய போன்காரர் மட்டும் குறியாக்கம் இல்லாத 5060ல் வந்ததால் ஏஎல்ஜி அவருக்குக் கைகொடுத்தது. பாதுகாப்பாக வந்தவர்கள் ஊமையானார்கள், பாதுகாப்பில்லாமல் வந்தவர் பேசினார்.

தீர்வு சுருக்கமானது. சர்வரில் "உன் வெளி முகவரி 203.0.113.20, உள் வலை 192.168.10" என்று இரண்டு வரிகள் எழுதினால் அதுவே எல்லா இடத்திலும் சரியான முகவரியை எழுதிவிடும். அதோடு ஏஎல்ஜியை அணைக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. சரியாக எழுதிய கடிதத்தையும் பிரித்துத் திருத்தும் ஏஎல்ஜிகள் உண்டு. ஆறு வருடங்களாகச் சர்வரில் அந்த இரண்டு வரிகள் இல்லாமலே எப்படி ஓடியது என்ற கேள்வி அப்போதே உறுத்தியது. ஆனால் மணி ஏழு. இரண்டையும் செய்தேன், நாலைந்து அழைப்புகள் செய்து பார்த்தேன், எல்லாம் 32ஐத் தாண்டின. வீட்டுக்குப் போனேன்.

தலைவலி போய்த் திருகுவலி

மறுநாள் புகார் புதிது. சில அழைப்புகளில் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை. எல்லா அழைப்பிலும் இல்லை. வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டால் சரியாகிவிடும், சில சமயம் ஆகாது. தொழில்நுட்பம் தெரிந்தவனுக்கு இதைவிடக் கொடுமையான சொல் இல்லை: "சில சமயம்".

மதியம் வரை 24 அழைப்புகளைக் கையால் குறித்தேன். நேர வாரியாக வைத்துப் பார்த்தேன், ஒழுங்கு இல்லை. போன் வாரியாகப் பார்த்தேன், இல்லை. எதிர்முனை எண் வாரியாக, இல்லை. கடைசியில் ஒவ்வோர் அழைப்புக்கும் சர்வர் எடுத்த குரல் போர்ட்டையும் பக்கத்தில் எழுதி, அந்த எண்ணை வைத்து வரிசைப்படுத்தினேன். 10218 சரி. 11640 சரி. 12846 சரி. 14902 சரி. 15374 மௌனம். 17342 மௌனம். 19004 மௌனம். தாளின் நடுவில் கோடு போட்டது போலப் பிரிந்துவிட்டது.

ஏஎல்ஜி இருந்தவரை குரல் போர்ட்டுகளுக்குத் தற்காலிகக் கதவு திறந்துவிட்டது அதுதான். அதை அணைத்தால் கதவுகளை நிரந்தர விதியாக எழுத வேண்டும் என்று தெரிந்து நானே எழுதியிருந்தேன்: யுடிபி 10000 முதல் 15000 வரை சர்வருக்கு அனுப்பு. (யுடிபி என்பது குரல் பாக்கெட்டுகள் போகும் முறை; போய்ச் சேர்ந்ததா என்று அது பார்க்காது.) முப்பது போனுக்கு அதுவே மிக அதிகம் என்ற நினைப்பு. சர்வரின் அமைப்பில் இருந்ததோ 10000 முதல் 20000. இந்த வகை மென்பொருளில் பரவலாகக் காணும் வரிசை அது. ஆஸ்டெரிஸ்க் என்ற திறந்த மூல பிபிஎக்ஸின் மாதிரி அமைப்புக் கோப்பிலும் இதே எண்கள்தான். நான் ஃபயர்வால் பக்கத்தைச் சுருக்கினேன், சர்வர் பக்கத்தைச் சுருக்க மறந்தேன். சர்வர் ஒவ்வோர் அழைப்புக்கும் காசைச் சுண்டிப் போட்டது. பாதி அழைப்புகளுக்குத் தலை, பாதிக்குப் பூ. முந்தின நாள் மாலை நான் சோதித்த நாலைந்துக்கும் தலையே விழுந்திருக்கிறது.

ஏன் ஒரு பக்கம் மட்டும் மௌனம்? சர்வர் 17342ல் இருந்து குரலை வெளியே அனுப்பும்போது ஃபயர்வால் தடுப்பதில்லை, உள்ளிருந்து போகிறதே. ஆனால் நேட் அதன் போர்ட்டை வேறொரு எண்ணாக மாற்றி அனுப்புகிறது. சேவை நிறுவனமோ கடிதத்தில் எழுதிய 17342க்கே பதில் குரலை அனுப்புகிறது. அந்த எண்ணில் விதி இல்லை, பாக்கெட் கீழே விழுகிறது. உறையில் எந்த எண் வந்ததோ அந்த எண்ணுக்கே திருப்பி அனுப்பும் எதிர்முனையாக இருந்திருந்தால் இந்தத் தவறு வெளியே தெரிந்தே இருக்காது. அப்படிச் செய்யும் நிறுவனங்களும் உண்டு. அவர்களோடு பழகியவர்கள் "குரல் போர்ட்டே திறக்க வேண்டாம், சும்மா வேலை செய்யும்" என்று சத்தியம் செய்வார்கள். அவரவர் அனுபவத்தில் அது பொய் அல்ல.

எத்தனை போர்ட் வேண்டும் என்பதை இப்போது முறையாகக் கணக்குப் போட்டேன். ஒரு குரல் ஓட்டத்துக்கு ஆர்டிபி ஒன்று, ஆர்டிசிபி ஒன்று, ஆக இரண்டு. சர்வர் நடுவில் நின்று இரு பக்கத்தையும் இணைப்பதால் ஓர் அழைப்புக்கு உள்ளே ஒரு ஓட்டம், வெளியே ஒரு ஓட்டம்: நான்கு. உள்பக்க ஓட்டம் ஃபயர்வாலைத் தொடாது, ஆனால் அதே கையிருப்பிலிருந்துதான் எண்ணை எடுக்கும். பலர் இதைக் கணக்கில் விட்டுவிடுவார்கள். முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினால் 120. அழைப்பு மாற்றிவிடுதல், காத்திருக்கும் அழைப்பு என்று கொஞ்சம் கூடுதலாக வைத்து 10000 முதல் 10199 வரை இருநூறு போர்ட்டுகள். இரண்டு பக்கத்திலும் அதே எண்கள்.

மிகவும் இறுக்கவும் கூடாது. கையிருப்பு தீர்ந்துபோனால் அடுத்த அழைப்பு நிற்கும், அதுவும் மிகப் பரபரப்பான நேரத்தில் மட்டும் நிற்கும். பழையபடி "சில சமயம்".

மணி அடிக்காத வீடு

இது எளிது. போன் ரெஜிஸ்டர் செய்தி அனுப்பி "நான் இங்கே இருக்கிறேன்" என்று சர்வரில் பதிகிறது. அடுத்த பதிவு 3600 நொடி கழித்து. அந்தச் செய்தி போனபோது வீட்டு ரூட்டர் தன் பட்டியலில் ஒரு வரி எழுதியது: இந்தப் போர்ட்டில் பதில் வந்தால் அந்தப் போனுக்குக் கொடு. யுடிபிக்கு இந்த ஞாபகம் மிகவும் குறுகியது. 2007ன் ஆர்எஃப்சி 4787 குறைந்தது இரண்டு நிமிடம் வைத்திருக்கச் சொல்கிறது, ஐந்து நிமிடம் நல்லது என்கிறது; 30 நொடியில் மறந்துவிடும் பெட்டிகள் ஏராளம். மறந்த பிறகு சர்வர் அனுப்பும் இன்வைட் வீட்டு வாசலோடு நின்றுவிடும். அவர் யாரையாவது அழைத்தால் பட்டியலில் புதிய வரி, கொஞ்ச நேரம் மணி அடிக்கும்.

25 நொடிக்கு ஒரு முறை சர்வர் அந்தப் போனுக்கு ஒரு சிறு விசாரிப்புச் செய்தி அனுப்பும்படி அமைத்ததும் மணி அடிக்கத் தொடங்கியது. முதலில் இணைப்பை நிறுவிக்கொண்டு பேசும் டிசிபி வழியாக வரும் டிஎல்எஸ் போன்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நிறுவிய டிசிபி இணைப்பை ரூட்டர்கள் வெகு நேரம் நினைவில் வைத்திருக்கும்.

அவருக்காக 5060ஐ உலகத்துக்கே திறந்து வைத்திருந்தோம், அதுதான் உறுத்தல். திறந்த 5060ஐத் தேடித் திரியும் நிரல்கள் இணையத்தில் ஓய்வதே இல்லை. பதிவேட்டில் அன்று மாலையே அவற்றின் கைரேகை இருந்தது: 100, 101, 102 என்று வரிசையாக நீட்டிப்பு எண்களை, அதாவது அலுவலக போன்களின் உள் எண்களை ஊகித்து ரெஜிஸ்டர் முயற்சிகள். சிலவற்றில் அனுப்பும் மென்பொருளின் பெயர் 'ஃபிரெண்ட்லி ஸ்கேனர்' என்றிருக்கும். நட்பு அதன் பெயரில் மட்டும். கடவுச்சொல் பலவீனமாக ஒரு நீட்டிப்பு மாட்டினால் நம் கணக்கில் வெளிநாட்டு அழைப்புகள் இரவெல்லாம் ஓடும். அவருக்கும் டிஎல்எஸ் சாஃப்ட்போன் கொடுத்துவிட்டு 5060ஐ சேவை நிறுவனத்தின் முகவரிகளுக்கு மட்டும் என்று சுருக்கினோம். சிலர் 5060ஐ வேறொரு எண்ணுக்கு மாற்றி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பதிவேட்டின் இரைச்சல் குறையும் என்பது உண்மை. அதைப் பூட்டு என்று சொல்ல மாட்டேன்.

மேலாளரின் கேள்வி

கைபேசிச் செயலி ஏன் எதையும் கேட்காமல் வேலை செய்கிறது? அந்த மென்பொருள்களை எழுதியவர்கள் நேட்டை எதிரியாக நினைத்து முதல் வரியிலிருந்தே எழுதினார்கள் என்பதுதான் பதில். எஸ்ஐபியின் முதல் வடிவம் 1999ல் வந்தது, ஆர்டிபி அதற்கும் முன்னால் 1996ல். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று நேராகத் தொட முடியும் என்ற எண்ணம் அவற்றின் எலும்பில் இருக்கிறது. நேட் பிறகு எங்கும் பரவியது.

2003ல் வந்த ஸ்கைப் எதிர்த்திசையில் போனது. நிறுவும்போதே தனக்கு ஏதோ ஒரு எண்ணைத் தேர்ந்துகொள்ளும். அது நடக்காவிட்டால் வலைப்பக்கங்களுக்கான 443, 80 ஆகியவற்றில் நுழைந்துகொள்ளும். வலைப்பக்கம் பார்க்க முடியும் இடத்தில் ஸ்கைப்பும் ஓடும். இரண்டு பேரும் நேட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், பொது முகவரியோடு இருக்கும் மூன்றாவது பயனரின் கணினி இடையில் நின்று குரலைக் கைமாற்றியது. பயனர்களுக்கு வரம், வலை நிர்வாகிகளுக்குச் சாபம். எந்தப் போர்ட்டை மூடினாலும் அது வேறு சந்து வழியாக வந்தது. மே 2025ல் ஸ்கைப் நிறுத்தப்பட்டது. அது காட்டிய வழி நிற்கவில்லை.

இன்றைய செயலிகளில் அதே யோசனை நெறிமுறையாகவே எழுதப்பட்டிருக்கிறது. முதலில் 3478 போர்ட்டில் ஒரு ஸ்டன் சர்வரிடம் "என் உறையில் என்ன முகவரி தெரிகிறது?" என்று கேட்கும். நம் சர்வரில் நான் கையால் எழுதிய அந்த வெளி முகவரியை இவை ஒவ்வொரு முறையும் கேட்டே தெரிந்துகொள்கின்றன. பிறகு உள் முகவரி, ஸ்டன் சொன்ன முகவரி, இரண்டும் உதவாவிட்டால் டர்ன் என்ற இடைத்தரகு சர்வரின் முகவரி என்று எல்லாவற்றையும் பட்டியலாகக் கடிதத்தில் எழுதி அனுப்பும். எதிர்முனையும் தன் பட்டியலை அனுப்பும். இரண்டு பட்டியலையும் ஜோடி ஜோடியாகச் சோதித்து, உண்மையில் பாக்கெட் போய் வந்த ஜோடியை எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பேரத்துக்கு ஐஸ் என்று பெயர், 2010ல் ஆர்எஃப்சி 5245 ஆகவும் 2018ல் 8445 ஆகவும் வந்தது. கடிதத்தில் எழுதியதை நம்புவதில்லை, சோதித்துப் பார்த்தே நம்பும். எங்கள் மூன்று நாள் அவதியில் குரல் கேட்காமல் போன பகுதியை இந்த ஒரு சோதனை தவிர்த்திருக்கும்.

போர்ட் செலவும் குறைவு. ஆர்டிபியையும் ஆர்டிசிபியையும் ஒரே எண்ணில் ஏற்றிவிடுவார்கள். குரல், காட்சி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். டீம்ஸ் தன் குரலுக்கும் காட்சிக்கும் கேட்பது யுடிபி 3478 முதல் 3481 வரை நான்கே போர்ட். ஜூம் முக்கியமாக 8801 முதல் 8810 வரை பத்து. இவையும் அந்த நிறுவனங்களின் சர்வர் பக்கத்து எண்கள். நம் பக்கத்தில் வெளியே போக விட்டால் போதும், உள்ளே வர எதையும் திறக்க வேண்டாம். ஒரே போர்ட்டில் பேரத்தையும் குரலையும் ஏற்றும் யோசனை புதிதும் அல்ல. ஆஸ்டெரிஸ்க்கின் சொந்த நெறிமுறையான ஐஏஎக்ஸ்2 யுடிபி 4569 ஒன்றிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறது.

யுடிபி முற்றிலும் அடைபட்ட இடத்தில் இந்தச் செயலிகள் கடைசியாக டிசிபி 443க்கு இறங்கும். அதில் பேச முடியும், ஆனால் சுகம் இருக்காது. டிசிபி தொலைந்த பாக்கெட்டை விடாமல் மறுபடி வரவழைக்கும், அது வரும்வரை பின்னால் வந்தவற்றை நிறுத்தி வைக்கும். ஒரு பாக்கெட்டில் இருப்பது 20 மில்லிநொடிக் குரல். அது தொலைந்தால் காது கவனிக்காது. அதற்காகக் காத்திருந்தால் கவனிக்கும். "செயலி வேலை செய்கிறது, ஆனால் இழுத்து இழுத்துக் கேட்கிறது" என்று யாராவது சொன்னால் யுடிபி எங்கோ அடைபட்டிருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

மேலாளரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "அந்தச் செயலி வழியில ஆள் நிறுத்தி விசாரிச்சுக்கிட்டே போகுது சார், நம்ம போன் விலாசத்தை எழுதிக் கொடுத்துட்டு நம்பி உக்காந்திருக்கு" என்றேன். "அப்போ நம்மளும் விசாரிக்க வெக்க முடியாதா?" என்றார். வீட்டு சாஃப்ட்போன்களில் ஐஸை இயக்கினோம். சேவை நிறுவனத்தோடு இருக்கும் இணைப்பில் அதற்கு வழி இல்லை, அங்கே கையால் எழுதிய முகவரிதான்.

கடைசி நிலை இது. 5060 சேவை நிறுவனத்துக்கு மட்டும். 5061 வீடுகளுக்கு. யுடிபி 10000 முதல் 10199 வரை குரல். வீட்டு ஓட்டங்களில் ஆர்டிபிக்கும் குறியாக்கம், அதற்குக் காரணம் உண்டு. உறையைப் பார்த்துக் குரலைத் திருப்பி அனுப்பும் சர்வர்களில், ஊகத்தில் பாக்கெட் எறியும் மூன்றாம் ஆளிடம் பேச்சு போய்விடலாம் என்பது 2017ல் 'ஆர்டிபி பிளீட்' என்ற ஓட்டையாக வெளிவந்தது. இருநூறு போர்ட்டை ஊகிப்பது பத்தாயிரத்தை ஊகிப்பதைவிட எளிது. ஏஎல்ஜி அணைந்திருக்கிறது, ஃபயர்வாலின் மென்பொருளைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அது தானாக விழித்துக்கொண்டதா என்று பார்க்க ஒரு குறிப்பும் சுவரில் ஒட்டியிருக்கிறது.

உறுத்திக்கொண்டிருந்த அந்தக் கேள்விக்காக, வேலை குறைந்த ஒரு நாளில் பழைய ரூட்டரை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் மாட்டினேன். சோதனைக்கு ஒரு சர்வரை வெளி முகவரி எழுதாமல் பின்னால் வைத்து, வெளிப்பக்கம் பாக்கெட்டுகளைப் பிடித்தேன். 'சி' வரி திருத்தப்பட்டிருந்தது. காண்டாக்ட் வரியும் திருத்தப்பட்டிருந்தது. எல்லா இடத்திலும் 192.168 போய்ப் பொது முகவரி வந்திருந்தது. அதன் அமைப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினேன். ஏஎல்ஜி என்ற சொல்லே எங்கும் இல்லை, அணைக்க ஒரு பொத்தானும் இல்லை.